தமிழ் மண்ணில் மலையாள அரண்மனை
நிலம் தமிழ்நாட்டுக்கு, கட்டடம் கேரளத்துக்கு. பத்மநாபபுரத்தில் வெறுங்காலுடன் ஒரு சுற்று.

உடும்பஞ்சோலையிலிருந்து பள்ளிச் சுற்றுலாப் பேருந்து கிளம்பினால் சாந்தம்பாறை, பூப்பாறை தாண்டி போடிமெட்டில் மலை இறங்குகிறது. ஏலத் தோட்டங்களின் ஈரக் குளிர் பின்தங்கி, கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் போடிநாயக்கனூர் வெயில் முகத்தில் அடிக்கிறது. கேரளம் முடிந்து தமிழ்நாடு. தேனி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஒரு பகலோ ஓர் இரவோ ஓடி, கன்னியாகுமரியில் சூரியனையும் சுசீந்திரத்தில் தாணுமாலயனையும் பார்த்துவிட்டு, தக்கலையில் வலப்பக்கம் திரும்பினால் பத்மநாபபுரம். டிக்கெட் வாங்கப் போகும் ஆசிரியருக்கு அங்கே ஒரு சின்ன ஆச்சரியம். சீட்டு கொடுப்பது கேரள அரசு.

எந்த மாநிலத்தை விட்டு வந்தார்களோ அதே மாநிலத்திடம், தமிழ்நாட்டு நகராட்சி எல்லைக்குள்ளேயே காசு கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் இருக்கிறது அரண்மனை. சாலை, தெருவிளக்கு, காவல் நிலையம், அடுத்த தெருவில் தேநீர்க்கடை எல்லாம் தமிழ்நாடு. கம்பீரமான முகப்பு வாசலைத் தாண்டியதும் கேரளத் தொல்லியல் துறை.

இந்த வினோதத்துக்குத் தேதி உண்டு. 1956 நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அன்று, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. தெற்கெல்லைத் தமிழர்கள் கேட்டது இன்னும் அதிகம். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் பட்டியலில் தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு, மலைத் தோட்டங்களில் இருக்கும் தமிழர்கள் பெரும்பாலும் வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று வாதிட்டு அந்த மலைகளைக் கேரளத்துக்கே விட்டது. இன்றைக்கு இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஏலமலைகள் அப்படித்தான் அந்தப் பக்கம் தங்கின. ஆக, தமிழ் பேசும் மலை கேரளத்திலும், கேரளத்து மன்னர்களின் தாய்வீடு தமிழ்நாட்டிலும். உடும்பஞ்சோலைப் பிள்ளைகள் அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

செருப்பைக் கழற்றச் சொல்வது பக்திக்காக மட்டுமல்ல. உள்ளே இருக்கும் தரைக்காக.

முதலில் பூமுகம். மன்னரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருந்த முகமண்டபம். அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. மரக் கூரையில் 90 தாமரைப் பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்கிறார். பிள்ளைகள் எண்ண ஆரம்பித்து இருபதில் குழம்பிப் போகிறார்கள். தொங்கும் குதிரைவீரன் விளக்கு, சங்கிலியில் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். ஏழு கருங்கல் துண்டுகளால் செய்த குளிர்ச்சியான கட்டில். சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி. சுவரில் ஓணத்துக்குக் காணிக்கையாக வந்த வண்ணம் தீட்டிய ஓணவில்கள். ஒரு சிறு அறைக்குள் சீனாவும் மலையாளமும் தமிழ்க் கல்தச்சும் அடக்கம்.

குறுகிய மரப்படி ஏறினால் மந்திரசாலை. இங்கேதான் அந்தத் தரை. கருங்கண்ணாடி போலப் பளபளக்கிறது. குனிந்தால் முகம் தெரிகிறது. சிமெண்ட் கிடையாது, மொசைக் கிடையாது. சுண்ணாம்பு, மணல், சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சில செடிச் சாறுகள் கலந்து அரைத்துத் தேய்த்தது என்று விளக்கம். நூற்றாண்டுகளாக அந்தக் கறுப்பு மங்கவில்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரகத் தகடுகள். சாய்ந்த மரச் சட்டங்களின் இடுக்கு வழியே காற்று வரும், வெயில் வராது. மன்னரும் மந்திரிகளும் மின்விசிறி இல்லாமல் ராஜாங்கம் நடத்திய ரகசியம் அந்தச் சட்டங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் வருகிறவர்கள் இந்த அறையை விட்டு நகர மறுப்பது தினசரிக் காட்சி.

வெளியிலிருந்து பார்த்தால் இது அரண்மனையாகத் தோன்றாது என்பதுதான் உண்மை. தஞ்சாவூர் அரண்மனையையோ மதுரையின் திருமலை நாயக்கர் மகாலையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். வானளாவும் தூண் இல்லை, வளைவு இல்லை, தங்கம் இல்லை. ஓட்டுக் கூரை போட்ட பெரிய தறவாட்டு வீடு ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, அதோடு ஒட்டி மற்றொன்று என்று வளர்ந்துகொண்டே போனது மாதிரி இருக்கும். வளர்ந்ததும் அப்படித்தான். வேணாட்டை 1592 முதல் 1609 வரை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் அரண்மனைப் பணியைத் தொடங்கினார் என்பது வரலாறு. அதற்கும் முந்தியது, ஏறக்குறைய 1550ஐச் சேர்ந்தது எனப்படும் தாய்க் கொட்டாரம். நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீடு அது. அதன் ஏகாந்த மண்டபத்தில் பலா மரத்தில் கடைந்த ஒரே தூண் நிற்கிறது. பூ, கொடி, மணி என்று உளி புகாத இடம் இல்லை. இங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப் பாதை இருந்தது என்று வழிகாட்டி சொன்னதும் அதுவரை கொட்டாவி விட்ட கடைசி வரிசைப் பையன்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள். எந்த ஊர்க் கோட்டையிலும் சுரங்கப் பாதைக்கு இருக்கும் மவுசே தனி.

இதே காலத்தில், உலகின் இன்னொரு மழை நாட்டில் இன்னொரு மர அரண்மனை எழுந்துகொண்டிருந்தது. ஜப்பானின் கியோட்டோ நகரில் தோக்குகாவா இயேயாசு என்ற ஷோகன் 1603ல் கட்டி முடித்த நிஜோ கோட்டை. கல்குளத்து வேலைக்கும் அதற்கும் இரண்டே வருஷ வித்தியாசம். கல்லால் அகழியும் மதிலும், உள்ளே மரத்தால் மாளிகை, சரிந்த கூரை, தோட்டமும் குளமும். அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். நினோமாரு மாளிகையின் நடையில் கால் வைத்தால் பலகை குருவிபோலக் கீச்சிடும். எதிரி வந்தால் காட்டிக்கொடுக்கச் செய்த தந்திரம் என்பது பயணிகளுக்குச் சொல்லும் கதை. ஆணியும் இரும்புக் கவ்வியும் உராய்வதால் வரும் சத்தம் என்பது விளக்கம். வழிகாட்டிகளின் சுவாரஸ்யத்துக்கும் வரலாற்றுக்கும் இடையே உள்ள தூரம் கியோட்டோவிலும் தக்கலையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. 1750ல் நிஜோவின் ஐந்தடுக்குக் கோபுரம் இடி விழுந்து எரிந்து போயிற்று. அதே 1750ல் பத்மநாபபுரத்து அரசர் தன் ராஜ்யத்தையே கடவுளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் மார்த்தாண்ட வர்மா. 1729ல் பட்டத்துக்கு வந்தபோது கையில் இருந்தது சின்ன வேணாடு. சொந்தக்காரர்கள் எதிரிகள், எட்டுவீட்டுப் பிள்ளைமார் அதைவிடப் பெரிய எதிரிகள். 1741ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தார். ஆசிய அரசர் ஒருவரிடம் ஐரோப்பியப் படை ஒன்று இப்படி மண்ணைக் கவ்வியது அன்றைக்குச் சாதாரணச் செய்தி அல்ல. அரண்மனை ஓவியக்கூடத்தில் அந்தக் காட்சி பெரிதாகத் தொங்குகிறது. தொப்பியும் வாளுமாகப் பிடிபட்ட டி லனாய், எதிரே மார்த்தாண்ட வர்மா. தோற்ற தளபதி அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் ஆகி, 1777ல் இறந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கினார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. மலையாளம் இல்லை. அன்று இந்த மண்ணின் அன்றாட மொழி எது என்பதற்கு இதைவிட அமைதியான சாட்சி கிடையாது.

கல்குளம் என்ற பெயரை 1744ல் பத்மநாபபுரம் என்று மாற்றியவரும் மார்த்தாண்ட வர்மாதான். மண் கோட்டை கருங்கல் கோட்டை ஆனது. சுமார் 185 ஏக்கரை வளைத்து நிற்கும் அந்தக் கோட்டைக்குள் அரண்மனை வளாகம் ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். 1750 ஜனவரியில் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு நாட்டைத் திருப்படித்தானம் செய்துவிட்டு, தன்னைப் பத்மநாப தாசன் என்று அழைத்துக்கொண்டார்.

அந்தப் பக்தியின் கட்டட வடிவம்தான் உப்பரிகை மாளிகை. நாலு அடுக்கு. கீழே கஜானா. அதற்கு மேல் மன்னரின் படுக்கை அறை. 64 வகை மூலிகை மரங்களால் செய்ததென்று சொல்லப்படும் கட்டில் இங்கேதான். டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசாம். தோற்றவர்கள் கொடுத்த கட்டிலில் வென்றவர் தூங்கியிருந்தால் நல்ல தூக்கம்தான் வந்திருக்கும். அடுத்த அடுக்கு விரதத்துக்கும் தனிமைக்கும். உச்சியில் சாமி. அந்த மேல் அறையில் மனிதர் யாரும் படுப்பதில்லை, அது பெருமாளின் அறை. இரண்டு தூண்டாமணி விளக்குகள் இரவு பகலாக எரிகின்றன. நாலு சுவரிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் மூலிகை வண்ண ஓவியங்கள். அனந்தசயனம் மட்டும் ஒரு பெரிய பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செங்காவி, மஞ்சள், பச்சை நிறங்கள் நெருக்கியடித்து, துளி வெற்றிடம் இல்லாமல் தெய்வங்களும் தோழிகளும். இந்த அறைக்குப் பொதுவாகப் பயணிகளை விடுவதில்லை. மரப்படியின் பலம், மனித மூச்சின் ஈரம், சுவரின் வயது எல்லாம் காரணம். சரியான முடிவுதான். பார்க்க முடியாத வருத்தத்தை விட, பார்த்துப் பார்த்தே உதிர்ந்துபோன சுவர்களின் கதை நம் நாட்டில் அதிகம்.

மாளிகையின் கீழ்க் கஜானாவுக்கும் உடும்பஞ்சோலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கினார். தெக்கும்கூரை வென்ற பிறகு கிழக்கு மலைகளின் பக்கமும் திருவிதாங்கூரின் கை நீண்டது. பின்னால் ஏலக்காயும் அரசுச் சரக்கு ஆனது. குளச்சலில் வெடித்த பீரங்கிக்கும் கூரையில் செதுக்கிய தாமரைக்கும் பணம் வந்தது மலைச் சரக்கிலிருந்து. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. ஏலக்காய் பறித்த கைகளின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதாவது சொல்லலாம்.

ஊட்டுப்புரைக்கு வந்ததும் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடுகிறது. இரண்டு அடுக்கு, கண்ணுக்கெட்டிய நீளம். ஒரே பந்தியில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு என்கிறார்கள். தினமும் நடந்த அன்னதானம். ஊறுகாய் போட்ட சீன ஜாடிகள் ஆளுயரத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. எச்சில் இலை எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்குப் பலகை எதுவும் இல்லை. பந்தி யாருக்கு என்பதற்கு அந்தக் காலத்துச் சாதிக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை உடைக்க, இதே கல்குளத்திலும் அகஸ்தீஸ்வரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் தோள்சீலைக்குப் போராட வேண்டியிருந்தது. அரண்மனை அழகாக இருப்பதால் அந்த நாட்களும் அழகாக இருந்தன என்று அர்த்தமில்லை.

அங்கிருந்து நடை, நடைக்கு மேல் நடை. அம்பாரி முகப்பு என்ற தொங்கு மாடம், யானை மேல் வைத்த அம்பாரி வடிவம். தேரோட்டத்தை மன்னர் இங்கிருந்து பார்ப்பார். மணிமேடையில் ஏறத்தாழ 300 வருஷத்துக் கடிகாரம். விருந்தினருக்கென்று கட்டிய இந்திர விலாசத்தில் மட்டும் கூரை உயர்ந்து, கதவு பெரிதாகி, வெள்ளைக்காரர் வாடை அடிக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் வாசல் தாழ்வு. உயரமானவர்கள் அடிக்கடி நெற்றியைத் தடவிக்கொள்கிறார்கள். இடையிடையே திறந்த முற்றங்கள், செடிகள், குளம், பின்னால் வேளிமலையின் நீலம். கியோட்டோத் தோட்டத்தில் ஒவ்வொரு பாறையும் அளந்து வைத்தது. இங்கே மழையும் மலையுமே பாதித் தோட்டக்காரர்கள்.

எல்லோரும் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி, 'எந்தப் படம் இங்கே எடுத்தார்கள்?' 'வருஷம் 16' என்றதும் ஆசிரியர்கள் முகம் மலர்கிறது. 'மணிச்சித்திரத்தாழ்' என்றால் மலைப் பிள்ளைகளுக்குப் புரிகிறது, 'சந்திரமுகி'யின் மூலம் என்று சொன்னால் மற்றவர்களுக்கும். 1993ல் வந்த அந்த மலையாளப் படத்தின் சில காட்சிகள் இங்கேயும் எடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு இருட்டறை எதைக் கண்டாலும் யாராவது ஒரு பெண் 'ரா ரா' என்று முணுமுணுக்காமல் போவதில்லை.

சுற்றின் உச்சம் நவராத்திரி மண்டபம். கருங்கல் தூண்கள், மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கறுப்புத் தரை, பக்கத்தில் சரஸ்வதி கோயில். அரச குடும்பத்துப் பெண்கள் துளை வழியே கச்சேரியும் நடனமும் பார்த்த மரத் தடுப்பு அப்படியே இருக்கிறது. கோயிலில் உள்ள சரஸ்வதி கம்பர் பூஜித்தது, அவருக்குப் பின் சேர மன்னர் வசம் வந்தது என்பது ஐதீகம். தலைநகரம் 1795ல் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. சரஸ்வதி போகவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை நவராத்திரிக்குப் போய் வருகிறாள்.

இந்தப் பயணம்தான் பத்மநாபபுரத்தின் உண்மையான அரசியல் சாசனம். உப்பரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாளை எடுத்து இரு மாநிலங்களின் பிரதிநிதிகள் முன்னால் ஒப்படைக்கிறார்கள். சரஸ்வதி யானை மேல், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வர, ஊர்வலம் புறப்படுகிறது. தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை, கேரளப் போலீஸ் மரியாதை. குழித்துறையில் ஓர் இரவு, களியக்காவிளையில் எல்லை தாண்டல், நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, பிறகு திருவனந்தபுரம். முல்லைப் பெரியாறு தண்ணீருக்காக இரு மாநில வழக்கறிஞர்களும் டில்லியில் வாதாடிக்கொண்டிருந்த வருஷங்களிலும் களியக்காவிளையில் வாளும் சாமியும் பூரண கும்பத்தோடு எல்லை தாண்டின.

ஆனால் திருவிழா பத்து நாள், மரத்துக்குக் கரையான் முந்நூற்று அறுபத்தைந்து நாளும். அரண்மனைக்குள் ஓடு மாற்றுவதும் உத்தரம் காப்பதும் கேரளத்தின் பொறுப்பு. சுவரை விட்டு வெளியே வந்தால் சாலை, கடை, வாகன நெரிசல், கோட்டைக்குள் குடியிருக்கும் மக்களின் வீடுகள் எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ். 2014ல் பத்மநாபபுரம் அரண்மனை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. நிஜோ கோட்டை 1994லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. அந்த அந்தஸ்து வேண்டுமென்றால் சின்னத்தை மட்டும் காத்தால் போதாது, அதைச் சுற்றிய பகுதியையும் காக்கும் திட்டம் காட்ட வேண்டும். இங்கே சின்னம் ஒருவர் கையில், சுற்றுப்புறம் இன்னொருவர் கையில். கேரளம் வெளியே கை வைக்க முடியாது. தமிழ்நாட்டுக்கோ, டிக்கெட் வருமானம் இல்லாத அரண்மனைக்காக ஊர்க்காரரின் மாடிக் கட்டடத்தைத் தடுக்க என்ன அவசரம்? கோட்டைச் சுவர்க் கல் இடுக்கில் செடிகள் நிதானமாக வேர் விடுகின்றன. அவற்றுக்கு மாநில எல்லை தெரியாது.

அரண்மனை அப்படியே தமிழ்நாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற குரல் குமரி மாவட்டத்தில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. உணர்ச்சியில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்தத் தமிழ்நாட்டில்தான் எத்தனையோ ஜமீன் அரண்மனைகளின் தேக்குக் கதவுகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. மரவேலையும் ஓட்டுக் கூரையும் தெரிந்த ஆசாரிகள் கேரளத் தொல்லியல் துறைக்குக் கைவாக்கில் கிடைப்பவர்கள். யார் சொத்து என்பதை விட யார் ஓடு மாற்றுகிறார்கள் என்பது அடுத்த மழைக்காலத்துக்கு முக்கியம்.

வெளியே வரும் வழியில் பீடத்தின் மேல் ஓர் உருண்டைக் கல். எடை 38 கிலோ. படையில் சேர விரும்பும் வாலிபன் இதைத் தலைக்கு மேல் 101 முறை தூக்க வேண்டுமாம். தூக்கிப் பார்க்க அனுமதி கிடையாது. இருந்தும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவன் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வருகிறான். ஏலக்காய் மூட்டை தூக்கிய அப்பாக்களின் பிள்ளைகளுக்கு 38 கிலோ பெரிய எண்ணிக்கையாகத் தெரிவதில்லை. 101தான் யோசிக்க வைக்கிறது. வழிகாட்டி மலையாளமும் தமிழும் கலந்து அதட்டுகிறார். பிள்ளைகளும் அதே கலவையில் பதில் சொல்கிறார்கள். மலையில் இரண்டும் பழகின மொழி.

செருப்பு எண்ணிச் சரிபார்த்து, ஆளை எண்ணிச் சரிபார்த்துப் பேருந்து கிளம்புகிறது. அடுத்து திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை. ஒரு மணி நேரத்துக்குள் களியக்காவிளை. சோதனைச் சாவடியில் டிரைவர் மறுபடியும் பர்மிட்டை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.